யாழ்ப்பாணத்தில் பூ அலங்கார வேலைக்கூடம்: இடம், தண்ணீர், கருவி, கடதாசி

பூ அலங்காரம் கற்றுக்கொள்ள இணையத்தில் காணொளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோழகக் காற்றையும் தகரக் கூரையையும் பற்றி அவற்றில் யாரும் பேசுவதில்லை. குளிர் நாட்டில் எடுத்த காணொளியைப் பார்த்து இங்கே அப்படியே செய்தால், காலையில் விரிந்து நின்ற ரோசா மத்தியானத்துக்குள் தலை சாய்த்துவிடும். பதிவு, உரிமம் விடயமும் அப்படித்தான். எந்தக் கடதாசியை எங்கே கொடுப்பது என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்தவர் இல்லை. பலரிடம் கேட்டும் அலைந்தும் நான் தெரிந்துகொண்டவற்றை, வீட்டிலிருந்தே சிறிய அளவில் தொடங்குகிறவருக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன். கத்தரிக்கோலும் ரிப்பனும் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் முதல் மூன்று படிகளையும் முடித்துவிடுங்கள்.

1. தொடங்கும் மாதத்தை முதலில் தீர்மானியுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் சைவர் வீடுகளில் கலியாணம் இராது. தவக்காலத்தில் கத்தோலிக்க ஆலயங்களில் பீடத்துக்கு மலர் அலங்காரம் வைப்பதில்லை. சில திருநாள்கள் மட்டுமே விலக்கு. தை பிறந்ததும் கலியாண ஓர்டர்கள் வரத் தொடங்கும். ஆகவே கார்த்திகையில் இடத்தைத் தயார் செய்து, மார்கழியில் கருவி வாங்கி, ஜனவரி முதல் வாரத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே வசதியான ஒழுங்கு. இந்த ஒழுங்குக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வியாபார உரிமம் நாட்காட்டி ஆண்டுக்கானது. ஒக்டோபரில் பணம் கட்டினால் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். அடுத்தது, கார்த்திகை மார்கழி மழைத் தண்ணீர். அது ஏன் வேண்டும் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், மல்லிகை விலை ஏறும். அந்த நாட்களில் நல்லூர்ப் பக்கம் ஓர்டர் எடுத்தால், பூவை எந்த வழியால், எத்தனை மணிக்குக் கொண்டுபோவது என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

2. இடம்: நிழல், காற்று, தண்ணீர் வழிந்தோடும் தரை

பத்துக்குப் பத்து அடி அறை போதும். வீட்டின் மேற்குப் பக்க அறையை எடுக்காதீர்கள், பின்னேர வெயில் சுவரைச் சூடாக்கி இரவு வரை விடாது. தகரம் அல்லது சீற் கூரையென்றால் கீழே ஓர் உட்கூரை அடிக்க வேண்டும். கிடுகு வேய்ந்த கொட்டில் வெக்கையைத் தாங்கும், ஆனால் தூசியும் தும்பும் பூவில் விழும். வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த விறாந்தையை வலையும் திரையும் போட்டு அடைத்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளில் மலிவாக முடியும்.

காற்று இங்கே வெயிலைவிடக் கெட்டது. வைகாசியிலிருந்து ஆவணி புரட்டாதி வரை வீசும் சோழகம் இதழிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். தென்மேற்குப் பக்க யன்னலை மூடி வையுங்கள். மின்விசிறி உங்களுக்கு நேரே இருக்கலாம், வாளிகளுக்கு நேரே இருக்கக் கூடாது.

தரை சிறு சரிவோடு ஒரு மூலைக்கு வடிய வேண்டும். பளபளப்பான ஓடு பதித்த தரையில் தண்ணீரும் இலையும் சேர்ந்தால் வழுக்கும். கரடான சீமெந்துத் தரையே நல்லது.

மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். நின்றுகொண்டு வேலை செய்யும்போது முழங்கைக்குச் சற்றுக் கீழே மேசை மட்டம் வர வேண்டும். சாப்பாட்டு மேசையில் இரவிரவாகக் குனிந்து நின்று மாலை கட்டினால் மறுநாள் நாரி நிமிராது. பழைய கதவு ஒன்றை இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, மேலே தடித்த பிளாஸ்ரிக் விரித்தால் மேசைக்குத் தனிச் செலவு இல்லை. தட்டுகள் அடிக்கும்போது பாரத்தைக் கணக்கில் எடுங்கள். பத்து லீற்றர் வாளி நிரம்பினால் பத்துக் கிலோ. ஆறு வாளி வைக்கும் தட்டு அறுபது கிலோவைத் தாங்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு வெள்ளை எல்இடி விளக்கு. ஆனால் மண்டபங்களில் பெரும்பாலும் மஞ்சள் வெளிச்சம் என்பதால், ஊதாவும் கடும் சிவப்பும் அங்கே கறுத்துத் தெரியும். ஒரு மஞ்சள் பல்பையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் நிறத்தைப் பாருங்கள்.

3. தண்ணீர்: இதில்தான் அதிகம் கவனம் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீரைத்தான் வெட்டிய தண்டு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. வெட்டுப்பூவுக்குச் சற்றுப் புளித்த தண்ணீர்தான் ஏறும், புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு நாலைந்துக்குள் இருப்பது நல்லது. நம் கிணறுகளில் அது பொதுவாக ஏழுக்கு மேலே. கடனீரேரியை அண்டிய இடங்களிலும் தீவுகளிலும் இதோடு உவரும் சேர்ந்துவிடும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீரைப் பூ வாளிக்கு எடுக்கவே கூடாது.

வழிகள் மூன்று. மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் சிறந்தது. முதல் மழையில் கூரை கழுவுப்பட்ட பிறகு, பீலியிலிருந்து மூடியுள்ள தாங்கியில் பிடித்து வையுங்கள். இரண்டாவது, சுத்திகரித்த குடிநீரை வாங்குவது. ரோசா, கார்னேசன் போன்ற விலைகூடிய பூக்களுக்கு மட்டும் இதைப் பாவித்தால் செலவு கட்டுப்படும். மூன்றாவது, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் மேலே தெளிந்ததை எடுப்பது. அவசரத்துக்கு உதவும், ஆனால் எரிவாயுச் செலவு கூட. உப்புப் போட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பு போய் அந்த இடத்துக்குச் சோடியம் வந்துவிடும், ரோசாவுக்கு அது இன்னும் கெடுதல்.

பூவுக்கான கலவையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, கால் தேக்கரண்டி பிளீச். சீனி பூவுக்கு உணவு, புளி தண்ணீரை ஏறவைக்கும், பிளீச் கிருமியை அடக்கும். சீனியை மட்டும் போட்டால் கிருமிதான் கொழுக்கும். கவனமாக இருங்கள்: பிளீச்சையும் புளியையும் தண்ணீரில்லாமல் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். முதலில் முழு அளவு தண்ணீர், பிறகு சீனியும் புளியும், கடைசியில்தான் பிளீச். மல்லிகை, முல்லை போன்ற உதிரிப்பூவுக்கு இந்தக் கலவை தேவையில்லை. ஈரத் துணியோ வாழையிலையோ போதும்.

வாளி பிளாஸ்ரிக்கில்தான் இருக்க வேண்டும். புளித்த தண்ணீர் தகரத்தை அரித்துவிடும். ஒவ்வொரு தொகுதிப் பூவுக்கும் முன்னால் வாளியைச் சவர்க்காரமும் பிளீச்சும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த வாளியில் குடிக்கத் தண்ணீர் வார்த்துத் தர உங்களுக்கு மனம் வராவிட்டால், அதில் பூவும் வைக்காதீர்கள்.

4. கருவிகள்: வாங்க வேண்டியவையும் வேண்டாதவையும்

குளிர்பெட்டியையும் மேசையையும் விட்டுப் பார்த்தால், தொடக்கக் கருவிகள் எல்லாம் 20,000 ரூபாய் அளவில் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் இதன் இரட்டிப்பை யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

முதற்செலவு கொப்பு வெட்டும் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் வகையை வாங்குங்கள். ஓர் அலகு தட்டையான அடியில் போய் இடிக்கும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய தண்டில் தண்ணீர் ஏறாது. மென்மையான தண்டுகளுக்கு ஒட்டுக்கத்தி போன்ற கூரிய சிறு கத்தி. ரிப்பனுக்கும் துணிக்கும் தனிக் கத்தரிக்கோல், வேறு நிறப் பிடியோடு. கம்பி வெட்ட ஒரு குறடு. பூக்கத்தரியால் கம்பியை வெட்டினால் அதன் அலகு அன்றோடு போய்விடும். வீட்டுக்கு உதவிக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கம்பியில் எண் கூடக் கூட மெல்லிசு. 18 ஆம் எண் கனத்த ரோசாவுக்கும் ஜெர்பராவுக்கும், 22 நடுத்தரப் பூவுக்கும், 26 மல்லிகை மொட்டுக்கும் இலைக்கும். இந்த மூன்றோடு தொடங்கலாம். தண்டைச் சுற்றும் பச்சை நாடா இழுத்தால்தான் ஒட்டும். வெக்கையில் கிடந்து மெழுகு உருகிய உருளை உதவாது, வாங்கும்போது நுனியை இழுத்துப் பாருங்கள்.

இவற்றோடு பத்து வாளி (ஐந்து உயரம், ஐந்து குட்டை), தண்ணீர் தெளிக்கும் போத்தல், முள் உரிக்கத் தடித்த கையுறை, கோழிக்கூட்டு வலை ஒரு சுருள். முள் உரிக்கும் இரும்புக் கருவியை வாங்க வேண்டாம். அது தண்டின் தோலையும் உரித்துவிடும், அந்தக் காயத்தால் கிருமி உள்ளே போகும். விதவிதமான கண்ணாடிச் சாடிகளும் இப்போதைக்கு வேண்டாம். பூச்செண்டும் மலர்வளையமும் மணவறையும்தான் முதலில் வரும், சாடி கேட்பவர் குறைவு.

5. பூவைப் பிடித்துவைக்கும் அடித்தளம்

எல்லோரும் கேட்பது ஓயாசிஸ் எனப்படும் பச்சைக் கட்டி. பாவிக்கும் முறை தெரியாமல் பாவித்தால் காசு வீண். அகன்ற பாத்திரத்தில் கலவைத் தண்ணீரை நிரப்பி, கட்டியை அதன்மேல் மெதுவாக வையுங்கள். கையை எடுத்துவிடுங்கள். ஓரங்கள் முதலில் கறுக்கும், பிறகு பச்சை ஆழமாகும், ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, ஒரு நிமிடத்துக்குள் தானாகவே நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து நடுவே காற்று அடைபடும். அந்த உலர்ந்த இடத்தில் குத்திய பூ மற்றதெல்லாம் நன்றாக நிற்க, தான் மட்டும் வாடும். ஒரு முறை காய்ந்த கட்டி மறுபடி தண்ணீர் குடிக்காது. குத்திய துளையிலிருந்து தண்டைப் பாதி இழுத்து வைக்கவும் கூடாது. கீழே வெற்றிடம் விழுந்துவிடும். காய்ந்த கட்டியை வெட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அது பிளாஸ்ரிக் தூள், மண்ணில் உக்காது, வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், மலர்வளையத்துக்கும் மேசை அலங்காரத்துக்கும் வாழைக்குற்றிதான் முதல் தெரிவு. குலை வெட்டிய வாழையை வீடுகளில் சும்மா தருவார்கள். ஓரடி நீளத்தில் அறுத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவி, தென்னை ஈர்க்கால் துளையிட்டுப் பூவைக் குத்துங்கள். ஈரம் ஒரு நாள் முழுக்க நிற்கும். கயர் துணியில் பட்டால் போகாது, ஆகவே பழைய உடுப்போடு வேலை செய்யுங்கள், மேசை விரிப்பின்மேல் வைப்பதற்கு முன் அடியில் ஒரு தட்டம் வையுங்கள். பெரிய சாடிகளுக்குக் கோழிக்கூட்டு வலையைப் பந்தாகச் சுருட்டி உள்ளே இறக்கினால் போதும். கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

6. பூ வரவழைப்பதும் முதல் சில மணி நேரமும்

செவ்வந்தி, மல்லிகை, முல்லை, நந்தியாவட்டை, குரோட்டன் இலை, குருத்தோலை, கமுகம்பாளை எல்லாம் இங்கேயே கிடைக்கும். ரோசா, கார்னேசன், ஜெர்பரா மலையகத்திலிருந்து வருகின்றன. அந்தூரியமும் ஓர்க்கிட்டும் பெரும்பாலும் தென்பகுதியிலிருந்து. பலரும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக எடுப்பிக்கிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், விடியற்காலையில் வந்து சேரும். பொதியைப் பின்பக்கச் சாமான் அறையில் போடவேண்டாமென்று அனுப்புகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இயந்திரச் சூட்டில் பூ வெந்துவிடும். பஸ்ஸின் பதிவு இலக்கத்தையும் நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் இரவே வாங்கி வையுங்கள்.

கலியாணம் ஞாயிறு என்றால் பூ சனி விடிய வர வேண்டும், ஞாயிறு விடிய வரக் கூடாது. பயணத்தில் காய்ந்த பூ தண்ணீர் குடித்து நிமிர நாலைந்து மணி நேரமாவது தேவை. மொட்டு எந்த நிலையில் வேண்டுமென்றும் சொல்லுங்கள். நம் வெக்கையில் பூ எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் விரியும். வெளி இதழ் இப்போதுதான் தளர்ந்த ரோசா போதும்.

பெட்டி வந்தவுடன் செய்ய வேண்டியது: நிழலில் வைத்துத் திறந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை எல்லாம் கழற்றி, அடித்தண்டை ஓர் அங்குலம் சரிவாக வெட்டி, உடனே கலவைத் தண்ணீரில் இறக்குவது. வெட்டிவிட்டு மேசையில் கிடத்தக் கூடாது. வெட்டுவாயில் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும். கழுத்துத் தொங்கிய ரோசாவை எறிந்துவிடாதீர்கள். ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்து, தலைகள் நிமிர்ந்து நிற்குமாறு பத்திரிகைத் தாளால் இறுக்கிச் சுற்றி, மறுபடி அடியை வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்துவரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலானவை நேராகிவிடும். அந்தூரியம் வாடியிருந்தால் பூவையே அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கலாம்.

சென்னையிலிருந்து விமானத்திலோ நாகப்பட்டினத்திலிருந்து கப்பலிலோ வருகிறவரிடம் பூ கொண்டுவரச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாத பூ வாசலிலேயே நின்றுவிடும். கலியாணத்துக்கு முதல்நாள் அந்தப் பூவை நம்பி இருக்காதீர்கள்.

அலரியையும் அதன் இனத்துப் பூக்களையும் கேக்கிலோ சாப்பாட்டு மேசையிலோ வைக்கவே வேண்டாம். அவற்றின் பால் நஞ்சு.

7. குளிர்

தொடக்கத்தில் பூக்குளிரூட்டி வேண்டியதில்லை. பாவித்த கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி ஒன்று போதும். ரோசாவும் கார்னேசனும் இரண்டு முதல் நான்கு பாகையில் நன்றாக இருக்கும். அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் அதற்குள் வைக்காதீர்கள், பன்னிரண்டு பாகைக்குக் கீழே போனால் கறுத்துவிடும். அவை நிழலான அறையில் நிற்கட்டும். அதே குளிர்பெட்டியிலோ அறையிலோ பழுக்கும் மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு கார்னேசனை ஓரிரவில் சுருட்டிவிடும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் வீட்டாரோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டிவரும், பிடியுங்கள்.

8. கடதாசி வேலைகள்

இங்கேதான் புதியவர் அதிகம் அலைகிறார், ஏனென்றால் போக வேண்டிய அலுவலகங்கள் இரண்டு. வணிகப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். வியாபார உரிமம் தருவது மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. நல்லூர்க் கோயிலடியில் இருப்பவருக்குப் பதிவு நல்லூர்ப் பிரதேச செயலகத்தில், உரிமம் யாழ்ப்பாண மாநகர சபையில். திருநெல்வேலியில் இருப்பவருக்குப் பதிவு அதே செயலகத்தில்தான், ஆனால் உரிமம் நல்லூர்ப் பிரதேச சபையில். வரி கட்டிய பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள், உங்கள் சபை எதுவென்று அதிலேயே இருக்கும்.

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்: தேசிய அடையாள அட்டையும் பிரதியும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இடத்தின் உறுதிப் பிரதி அல்லது வாடகை ஒப்பந்தம், இடம் பெற்றோரின் பெயரில் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம், சபைக்குக் கட்டிய வரிப் பற்றுச்சீட்டு. சம்மதக் கடிதம் இல்லாமல் திரும்பி வருகிறவர்களே அதிகம். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுங்கள். அடையாள அட்டையிலும் உறுதியிலும் பெயரின் எழுத்து வேறுபட்டால், சத்தியக் கடதாசி ஒன்றை முடித்துக்கொண்டு போங்கள். ஓர் அலுவலகத்தில் ஒரேயொரு எழுத்து வித்தியாசத்துக்காக என் கோப்பு மேசையிலேயே கிடந்தது.

பதிவுக் கட்டணம் பெரிதல்ல. உரிமக் கட்டணம் கட்டடத்தின் ஆண்டு மதிப்பைப் பொறுத்தது. இரண்டுக்குமாக இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே வங்கியில் வணிகப் பெயரில் கணக்குத் திறக்கலாம். மண்டபங்களும் நிறுவனங்களும் காசோலை தருவதால் அந்தக் கணக்கு தேவை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். குளிர்பெட்டி ஓடத் தொடங்கினால் வீட்டு மின்கட்டணம் மேல் படிகளுக்குத் தாவும். வியாபாரத்துக்கு வேறு கட்டண வகை உண்டு, உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விசாரித்துத் தனி இணைப்பு இலாபமா என்று பாருங்கள்.

9. விலையும் மண்டபமும்

விலை சொல்லும்போது பூவின் கொள்முதலோடு நிற்காதீர்கள். உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்க்குப் பூ எடுத்தால் பத்தில் ஒன்று வழியில் பழுதாகும் என்று வைத்து 11,000 என்று கணக்கிடுங்கள். அதன்மேல் கம்பி, நாடா, ரிப்பன், பஸ் பொதிக் கூலி, மண்டபத்துக்கு வான் கூலி, உதவியாளர் சம்பளம், உங்கள் மணித்தியாலங்கள். சொந்த உழைப்புக்கு விலை போடாமல் தொடங்கினால், பிறகு ஏற்றுவது கடினம், தெரிந்தவர்களே குறைப்படுவார்கள். பெப்ரவரி 14 ஐ ஒட்டிய கிழமையில் ரோசா விலை எகிறும். அந்தக் கிழமைக் கலியாணத்துக்குத் தை மாதமே விலை பேசுங்கள்.

முற்பணம் பாதி, எழுத்தில். நிறம், பூவின் பெயர், கிடைக்காவிட்டால் மாற்றுப்பூ எது, எத்தனை மணிக்கு ஒப்படைப்பு என்பவை அதில் இருக்கட்டும். மண்டபத்தை ஓர்டர் எடுப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். வெளி அலங்காரக்காரரை அனுமதிப்பார்களா, ஆணி அடிக்கலாமா, முதல்நாள் இரவு எத்தனை மணிக்குத் திறப்புத் தருவார்கள், தண்ணீர்க் குழாய் எங்கே என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மரண வீட்டு மலர்வளையத்துக்கு இந்த ஒழுங்கு எதுவும் பொருந்தாது. சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், பேரமும் பேசக் கூடாது. இரண்டு வளையத்துக்குப் போதுமான சட்டம், கம்பி, உள்ளூர் இலைகள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

10. கழிவும் வெறும் வாளிகளும்

தண்டும் இலையும் வீட்டு வளவில் உரக்குழிக்குப் போகலாம். கம்பி, ரிப்பன், பச்சைக் கட்டி மூன்றையும் பிரித்துத் தனிப் பையில் கட்டிச் சபையின் வண்டிக்குக் கொடுங்கள்.

கார்த்திகை முதல் தை வரை யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும் காலம். பூ வாளியில் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள், வெறும் வாளிகளைக் கவிழ்த்து அடுக்குங்கள், மழைத் தாங்கியின் மூடி விளிம்பிலும் வழிகுழாயிலும் நுளம்பு வலை கட்டுங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் இடத்தின் உரிமையாளர்மீது வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது தாங்கியின் மூடியைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்.